வேரில் இடம் பிடிப்பவை

திருமானூர் டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்: "சூடோமோனாஸ்ங்கறாங்களே, அது மருந்தா, உரமா தம்பி?"

"உயிருங்கய்யா" என்றேன். "கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா."

நெல்லில் குலை நோய் வராமல் காக்கத்தான் அதைப் பயன்படுத்துகிறோம். அந்த நோய் எப்போது வரும் என்று பெரியவருக்கே தெரியும். மார்கழிப் பனியும் குளிர்ந்த இரவும் அளவுக்கு மீறிய யூரியாவும் சேர்ந்தால் சம்பா இலையில் கண் வடிவப் புள்ளி விழும். கழுத்துக்கு ஏறினால் கதிர் ஒடிந்து தொங்கும், மணி பதராகும். எல்லாம் ஒரு பூஞ்சாணத்தின் வேலை.

பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, அப்படித்தான் இந்தப் பாக்டீரியா இளவேரில் முந்திக்கொண்டு குடியேறுகிறது. வேரில் கசியும் சர்க்கரை அதற்குச் சாப்பாடு. மஞ்சள் பச்சையாக ஒரு பொருளைச் சுரந்து மண்ணிலுள்ள இரும்புச் சத்தை இழுத்துக்கொள்ளும். பின்னால் வரும் பூஞ்சாணம் இரும்பில்லாமல் நலியும். சில ரகங்கள் பூஞ்சாணத்தைக் கொல்லும் பொருளையும் சுரக்கும். என்னை வியக்க வைப்பது இன்னொன்று: பாக்டீரியா இருப்பது வேரில், எதிர்ப்புக்குத் தயாராவது இலையும்கூட. இலை நோய்க்கு விதையில் வைத்தியம் பார்ப்பதன் சூட்சுமம் அதுதான்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆண்டுதோறும் கோதுமையே போட்ட வயல்களில் வேர் நோய் ஒன்று முதலில் கூடி, பிறகு தானே அடங்கியது. மண்ணில் பெருகியிருந்த சூடோமோனாஸ் இனங்களுக்கு அதில் பெரும் பங்கு என்று ஜேம்ஸ் குக், டேவிட் வெல்லர் ஆகியோரின் ஆய்வுகள் காட்டின. நம் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பி.எஃப்.1 என்ற ரகத்தை டால்க் பொடியில் கலந்து விவசாயி கைக்குக் கொண்டுவந்தது.

ஒரு கிலோ நெல் விதைக்கு அந்தப் பொடி 10 கிராம்; தண்ணீரில் கலந்து, விதை இரவு முழுக்க அதில் ஊறட்டும். நட்ட 30ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோவைத் தொழு உரத்தில் கலந்து வயலில் தூவலாம். பெரம்பலூர்ப் பக்கம் வாங்கும் வீரிய ஒட்டு மக்காச்சோள விதை பெரும்பாலும் பூஞ்சாணக்கொல்லி பூசியே வருகிறது. அங்கே தொழு உரத்தோடு மண்ணில் இடுவதே மேல்.

"போன வருஷம் கதிர் ஒடிஞ்சப்புறம் அடிச்சேன். ஒண்ணும் கேக்கல" என்றார் பெரியவர்.

கேட்காதுங்கய்யா. இது காவல், வந்த நோயைத் திருப்பி அனுப்பாது. வெயிலில் கிடந்த பொட்டலத்தில் உயிர் இருக்காது. ரசாயன மருந்தோடு ஒரே டேங்கில் கலக்கவும் கூடாது. சந்தேகம் வந்தால் வாலிகண்டபுரத்திலோ சோழமாதேவியிலோ உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். சம்பாவுக்கு விதை ஊறப்போடுமுன் பொட்டலத்தில் காலாவதித் தேதியைப் பார்த்துவிடுங்கள்.