தகட்டுப் பட்டறைக்கு முதலில் என்ன வாங்க வேண்டும்?

பட்டறை போட நினைப்பவர்கள் முதலில் விசாரிப்பது லேசர் மெஷின் விலையைத்தான். கோவை கணபதியிலும் சென்னை அம்பத்தூரிலும் லேசரில் வெட்டும் வேலையைக் கூலிக்குச் செய்து கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். டிராயிங்கை அனுப்பினால் வெட்டிய தகடு கைக்கு வந்துவிடும். பேனல் பாக்ஸோ, பீரோவோ, ஏசி டக்டோ, எதைச் செய்தாலும் அளப்பது, வெட்டுவது, மடிப்பது, இணைப்பது என்று நாலு வேலைதான். இதில் அளப்பதை மட்டும் வெளியே கொடுக்க முடியாது. அதற்கான சாமான்களுக்கு அதிகச் செலவும் இல்லை.

முதலில் தகட்டின் கனம். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும். பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. கணக்கில் 16 கேஜ் 1.63 மி.மீ., 18 கேஜ் 1.22, 20 கேஜ் 0.91. அமெரிக்க அட்டவணையைப் பார்த்தால் துத்தநாகப் பூச்சுத் தகட்டின் 18 கேஜ் 1.31 மி.மீ. ஆகிவிடும். ஆகவே ஆர்டரில் கேஜ் போடாமல் மில்லிமீட்டர் போடுவதே நல்லது. வந்த சரக்கை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஓரத்துப் பிசிறில் வைத்தால் கனம் கூடுதலாகக் காட்டும், கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். இன்னொரு வழி தராசு. 8 அடிக்கு 4 அடி, 1 மி.மீ. இரும்புத் தகடு ஏறத்தாழ 23 கிலோ நிற்கும். 21 கிலோதான் இருக்கிறது என்றால் வந்திருப்பது 0.9.

குறியிட ஸ்டீல் ஸ்கேல், மூலைமட்டம், டிவைடர், ஸ்கிரைபர், சென்டர் பஞ்ச் போதும். வெட்டுகிற கோட்டை ஸ்கிரைபரால் கீறலாம். மடிக்கிற கோட்டை மார்க்கரால் போடுவதே சரி. கீறினால் பூச்சு போய் அங்கேதான் முதலில் துரு பிடிக்கும். மடிக்கும்போது விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

கைக் கத்தரிகளின் பிடிக்கு நிறம் உண்டு. மஞ்சள் நேராக வெட்ட, சிவப்பு இடப்பக்கம் வளைத்து வெட்ட, பச்சை வலப்பக்கம். 1.2 மி.மீ. வரை கை தாங்கும். அதற்கு மேல் லீவர் ஷியரோ மெஷினோ வேண்டும். கத்தரியை நுனிவரை மூடி வெட்டினால் ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் சின்னப் பல் நிற்கும். முக்கால்வாசி மூடி, தகட்டைத் தள்ளிக்கொண்டே போக வேண்டும். வெட்டிய ஓரத்தில் ஒருமுறை அரம் ஓட்டுவதைப் பலர் தவிர்க்கிறார்கள். அடுத்து அதைத் தூக்குபவரின் உள்ளங்கை கிழிகிறது.

பணம் வீணாவது பெரும்பாலும் மடிப்பில்தான். 50, 100, 50 என்று வெளியளவு கொண்ட ‘ப’ வடிவச் சட்டம் வேண்டும். தகட்டின் கனம் 1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூன்று அளவையும் கூட்டினால் 200. ஆனால் 200 மி.மீ. பட்டை வெட்டினால் சட்டம் பெரிதாகிவிடும். வெளியளவு இரண்டும் மூலையில் ஒரே இடத்தை இரண்டு முறை எண்ணுகின்றன. தகடோ கூர்மூலைக்குப் போகாமல் உள்ளே வளைந்து குறுக்கே போகிறது. ஆகவே ஒரு மடிப்புக்கு ஏறத்தாழ 2 மி.மீ. கழிக்க வேண்டும். இரண்டு மடிப்புக்கு 4. வெட்ட வேண்டியது 196. இந்த 2 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. உலோகம், கனம், மடிக்கும் மெஷினின் கீழ் டையின் வாய் அகலம் மூன்றையும் பொறுத்து மாறும். அதே தகட்டில் ஒரு துண்டை மடித்து அளந்து பார்த்துவிட்டுத்தான் நூறு துண்டு வெட்ட வேண்டும்.

பிரஸ் பிரேக் என்ற அந்த மடிப்பு மெஷினில் கீழ் டையின் ‘வி’ வாய், தகட்டுக் கனத்தின் 8 மடங்கு இருப்பது நடைமுறை. 1 மி.மீ. தகட்டுக்கு 8 மி.மீ. வாய், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 8 டன் அழுத்தம். அதே வாயில் 2 மி.மீ. தகட்டை வைத்தால் அழுத்தம் நாலு மடங்கு ஏறும். டை உடைய இது போதும். அழுத்தத்தை விட்டதும் தகடு கொஞ்சம் பின்வாங்கும் என்பதால், 90 டிகிரி வேண்டுமானால் அதற்கும் சற்று உள்ளே மடிக்க வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாதா இரும்பைவிட அதிகம் பின்வாங்கும்.

இணைக்க மெல்லிய தகட்டுக்கு ஸ்பாட் வெல்டிங் நல்லது. செம்பு முனைகளுக்கு நடுவே ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஒரு நொடியில் சிறு பங்கு நேரம் பாய்ந்து முடிந்துவிடும், தகடு கோணாது. தொடர்ந்து பற்றவைத்தால் கோணும். இடம் மாற்றி மாற்றிப் பொட்டு வைத்த பிறகே நிரப்ப வேண்டும். துத்தநாகப் பூச்சை அரைத்து எடுக்காமல் வெல்டு அடித்தால், அந்தப் புகையில் நின்றவருக்குச் சில மணி நேரத்தில் காய்ச்சலும் குளிரும் வரும். மூடிய அறையில் இந்த வேலையே கூடாது.

தகடு தூக்கத் தோல் கையுறை கட்டாயம். அதையே டிரில்லிங் மெஷினிடம் கழற்ற வேண்டும்; சுழலும் பிட் துணியையோ தோலையோ பற்றினால் கையையும் சேர்த்து இழுக்கும்.

பவர் பிரஸ்தான் பெரிய பயம். இரண்டு கையாலும் அழுத்தினால்தான் இறங்கும் என்று இருக்கும் பட்டன்களில் ஒன்றை, வேகத்துக்காக டேப் போட்டு ஒட்டிவிடுவதை மேற்பார்வையாளர் பார்த்தும் பாராமல் போவது குற்றமென்றே சொல்வேன். இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குத் தடுப்பு வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21ஆம் பிரிவே சொன்னது. மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய பிரஸ் வாங்குபவர் முதலில் கிளட்சைப் பார்க்கட்டும். சாவி கிளட்ச் என்றால், ஒருமுறை பிடித்தபின் முழுச் சுற்று முடியாமல் நிற்காது. கை குறுக்கே வருவதைக் கண்டு நிறுத்தும் சென்ஸார் அதில் பயன்படாது. விரல் நுழையாதபடி டையைச் சுற்றித் தடுப்புக் கூண்டு போட வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே பேரம் பேச வேண்டும்.