மைக்கின் முன்னே – 9: வெள்ளிக்கிழமை காலை 7.35

வெள்ளிக்கிழமை, காலை 7.35. வாஷிங்டனில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு காத்திருக்கிறார் வானொலித் தொகுப்பாளர் பாப் எட்வர்ட்ஸ். மறுமுனையில், ஃபுளோரிடாவின் டலஹாசி ஊரில், வீட்டில் இருந்தபடியே பேசப்போகிறவர் ரெட் பார்பர். வயது எழுபதுக்கு மேல். எட்வர்ட்ஸை அவர் "கர்னல்" என்றுதான் கூப்பிடுவார். எட்வர்ட்ஸின் சொந்த மாநிலமான கெண்டக்கி அவருக்குக் கொடுத்த கௌரவப் பட்டம் அது. எட்வர்ட்ஸ் பேஸ்பாலைப் பற்றிக் கேட்பார். பெரியவரோ தோட்டத்தில் பூத்த கமீலியாவைப் பற்றிச் சொல்வார், இல்லாவிட்டால் வீட்டுப் பூனையைப் பற்றி. நான்கு நிமிடம், நேரலை. வெட்டி ஒட்ட வழியே கிடையாது.

யார் இந்தப் பார்பர்? மூன்று நிமிட மணல் கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மணல் இறங்கி முடியும்போதெல்லாம் மறக்காமல் ஸ்கோர் சொன்ன பேஸ்பால் வர்ணனையாளர். 1947 ஏப்ரலில் ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காகக் களமிறங்கியபோது, அந்த அணியின் குரல் இவர்தான். நிறப் பாகுபாடு நிலவிய தென்மாநிலத்தில் வளர்ந்தவர், வேலையையே விட்டுவிடலாமா என்று முதலில் யோசித்தார். பிறகு மனம் மாறி, ராபின்சனையும் எல்லா ஆட்டக்காரர்களையும் போலவே வர்ணித்தார். அதற்கு அடுத்த மாதம் லூயிவில் நகரில் பிறந்தவர் எட்வர்ட்ஸ்.

எட்வர்ட்ஸின் ஆரம்பம் சாதாரணமானது. சின்ன ஊர் வானொலி, ராணுவத்தில் இருந்தபோது கொரியாவில் சிப்பாய்களுக்கான ஒலிபரப்பு, பிறகு அமெரிக்கன் பல்கலைக்கழகம். அங்கே அவருக்குப் பாடம் சொன்ன எட்வர்ட் ப்ளிஸ், பிரபல ஒலிபரப்புச் செய்தியாளர் எட்வர்ட் மரோவுக்கே செய்தி எழுதிக்கொடுத்தவர். 1974-இல் எட்வர்ட்ஸ் அமெரிக்கப் பொது வானொலியான என்.பி.ஆரில் சேர்ந்தார். என்.பி.ஆர். நம் ஆகாசவாணியைப் போல அரசு நிலையம் அல்ல. விளம்பரத்தை நம்பி ஓடும் பண்பலையும் அல்ல. அதன் உறுப்பு நிலையங்கள், நேயர்கள் விரும்பிக் கட்டும் பணத்தைப் பெரிதும் நம்பி நடப்பவை.

1979-இல் 'மார்னிங் எடிஷன்' என்ற காலைச் செய்தி நிகழ்ச்சிக்கு ஏற்பாடு நடந்தது. வெள்ளோட்டம் படுமோசம். ஒலிபரப்புக்குச் சில நாளே இருக்க, தொகுப்பாளர்களை மாற்றிவிட்டார்கள். மாலை நிகழ்ச்சியில் இருந்த எட்வர்ட்ஸிடம், முப்பது நாள் மட்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நவம்பர் 5-ஆம் தேதி போய் உட்கார்ந்தார். இருபத்துநான்கரை வருஷம் எழுந்திருக்கவில்லை.

நள்ளிரவு ஒரு மணிக்கு விழிப்பு, சாயங்காலம் ஆறு மணிக்குப் படுக்கை. ஊர் கூடிச் சாப்பிடும் நேரத்தில் உறங்கப் போகிறவனுக்குக் கல்யாணம் ஏது, கச்சேரி ஏது? அந்தக் குரலில் இருந்த நிதானத்தை எல்லோரும் புகழ்கிறார்கள். அதற்குக் கொடுத்த விலையை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆனாலும் அவருடைய வித்தை குரலில் மட்டும் இல்லை என்பது என் எண்ணம். செய்தி வாசிக்கிறவருக்கு நேரமும் சொல்லும் தன் பிடியில் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர் வாரத்தில் நான்கு நிமிடம் பிடியை விட்டார். பெரியவர் கமீலியாவுக்குப் போனால் கூடவே கமீலியாவுக்குப் போனார். அடுத்து என்ன வரும் என்று தெரியாமல், எதிரில் இருப்பவர் சொல்வதை உண்மையாகவே கேட்டார். கேட்டுக்கொண்டிருந்த நேயர்களுக்கு அது புரிந்தது. 1981-இல் ஆரம்பித்த அந்தப் பேச்சுக்காகவே காரை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உண்டு.

1992 அக்டோபர் 22, வியாழக்கிழமை, பார்பர் இறந்தார். மறுநாள் வெள்ளி. அடுத்த வருஷமே எட்வர்ட்ஸ் அந்த நட்பைப் புத்தகமாக எழுதினார்.

2004-இல், நிகழ்ச்சியின் வெள்ளி விழாவுக்கு ஆறு மாதம் இருக்கையில், அவரை அந்த நாற்காலியிலிருந்து மாற்றினார்கள். பல்லாயிரம் நேயர்கள் கண்டித்து எழுதினார்கள், முடிவு மாறவில்லை. அதே வருஷம் அக்டோபரில் செயற்கைக்கோள் வானொலியில் தன் பெயரிலேயே ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கி, பத்தாண்டு நடத்தினார். 2024 பிப்ரவரியில், 76 வயதில் மறைந்தார்.

'மார்னிங் எடிஷ'னில் அவருடைய கடைசி நாள் 2004 ஏப்ரல் 30. முதல் நாளில் தான் பேட்டி கண்ட சக ஒலிபரப்பாளர் சார்லஸ் ஆஸ்குட்டையே கடைசிப் பேட்டிக்கும் அழைத்திருந்தார். அன்றைக்கும் வெள்ளிக்கிழமை.

(தொடரும்)