கிளைசினுக்கு மட்டும் அனுமதி!

திருச்சி உறையூரிலிருந்து பஸ் ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கினால், பக்கத்திலேயே தூய வளனார் கல்லூரி. "அப்துல் கலாம் படிச்ச காலேஜ்" என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவருக்கு முன்பே, 1942-இல், அங்கே இயற்பியல் முடித்துக் கிளம்பியவர் ஜி. என். ராமச்சந்திரன். இவரைத்தான் ஊர் மறந்துவிட்டது! நம் எலும்பின் பின்கட்டை எட்டிப் பார்த்தவர் அவர். வாருங்கள், நாமும் நுழைவோம்.

1954. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காரு வால் தசைநாணின் எக்ஸ் கதிர்ப் படத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். (கங்காரு வால்! சென்னையில்!) உள்ளே இருப்பது கொலாஜன், தோல், தசைநாண், எலும்பு எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் புரதம். அதில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்பதுதான் துப்பு. விடை? மூன்று இழைகள், சடை பின்னியதுபோல. அடுத்த ஆண்டே முறுக்கைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள்.

இந்தச் சடையின் நடுவில் அப்படியொரு நெருக்கடி! ஒவ்வோர் இழையிலும் மூன்றுக்கு ஒரு அமினோ அமிலம் அந்த நடுவுக்குள் திரும்பியே ஆக வேண்டும். அங்கே அடங்குவது கிளைசின் மட்டும்தான். அதன் பக்கக்கிளை ஒற்றை ஹைட்ரஜன். இழையில் ஆயிரத்துக்கு மேல் அமிலங்கள். மரபணுவில் ஓர் எழுத்து மாறி, ஒரே ஒரு கிளைசின் இடத்தில் சிஸ்டைன் வந்து உட்கார்ந்தால்? ஒரு முனையிலிருந்து விறுவிறுவென ஏறிவரும் முறுக்கு அங்கே தடுக்கித் தாமதிக்கும். அந்த இடைவெளியில் செல்லின் நொதிகள் வேண்டாத அளவுக்குச் சர்க்கரையை ஒட்டிவிடும். இப்படிப் பழுதான கொலாஜனால் எலும்பு வலுவிழந்து, பிள்ளை தத்தி நடக்கும் வயதிலேயே கால் முறியும். பலருக்கு வெண்விழி நீலம் பூத்திருக்கும்.

இனிதான் கணக்கு வேடிக்கை. எலும்புக் கொலாஜனின் ஒரு மூலக்கூறில் ஆல்பா-1 இழை இரண்டு, ஆல்பா-2 ஒன்று. ஆல்பா-1 மரபணுவின் பிரதிகள் இரண்டில் ஒன்று மட்டும் பழுது என்று வையுங்கள். பாதி இழை நல்லது. ஆனால் இரண்டுமே நல்லதாக அமைவது நாலில் ஒன்றில்தான். முக்கால்வாசி மூலக்கூறு போச்சு! அதனால்தான் தாய் தகப்பனில் ஒருவர் கொடுத்தாலே நோய் வருகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு.

அதே பிரதி இழையே தராமல் முற்றிலும் படுத்துவிட்டால்? நோய் பெரும்பாலும் மிதமாகத்தான் இருக்கும். கொலாஜன் பாதிதான் கிடைக்கும். ஆனால் கிடைப்பதெல்லாம் நல்ல சரக்கு.