8 மைல் பந்தயத்தை எங்கே நின்று பார்ப்பது? மாட்டுவண்டி ரேஸ் வீடியோக்கள் பின்னால் இருக்கும் சவால்கள்

காரைக்குடி பக்கம் கோயில் திருவிழாவுக்கு மாட்டுவண்டிப் பந்தயம் என்றால், காலையிலேயே ரோட்டோரம் கூட்டம் சேர்ந்துவிடும். தூரத்தில் புழுதி தெரியும். "எந்த ஜோடிப்பா முன்னாடி வருது?" என்று கேட்டு முடிப்பதற்குள் நாலைந்து வண்டிகள் கண்முன்னே பறந்துவிடும். அவ்வளவுதான், சில விநாடி. திரும்பி வரும்போது இன்னும் சில விநாடி.

நடுவில் யார் யாரை முந்தினார்கள், எந்த வளைவில் ஆட்டம் மாறியது என்பது அங்கே நின்ற யாருக்கும் முழுசாகத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள இன்று இருக்கும் வழி யூடியூப்தான். வெளியூரில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் சிவகங்கை மாவட்டத்துக்காரர்களுக்கோ பந்தயம் என்பதே இந்த வீடியோதான்.

ஏன் இதைப் படம் பிடிப்பது கஷ்டம்?

கொங்குப் பகுதி ரேக்ளாவோடு ஒப்பிட்டால் சட்டென்று புரியும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் 200 மீட்டர், 300 மீட்டர் தூரத்துக்கு வண்டிகள் ஓடும். எவ்வளவு நேரத்தில் கடந்தது என்பதுதான் கணக்கு. நேரான ஓடுபாதை. தொடக்கத்தில் ஒரு கேமரா, முடிவில் ஒரு கேமரா இருந்தால் பெரும்பாலும் போதும்.

சிவகங்கைப் பக்கம் நடப்பது எல்கைப் பந்தயம். பெரிய மாடு, நடுமாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என மாட்டின் அளவை வைத்துப் பிரிவுகள். பெரிய மாட்டுக்குப் போய்வர 8 மைல் என்று வைத்தால், கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். ஒரே நேரத்தில் பல ஜோடிகள் புறப்படும். வண்டியில் ஒரு சாரதி, கூடவே ஒரு துணைச் சாரதி. ஓடுவது சாதாரண தார்ச்சாலையில்.

மஞ்சுவிரட்டிலும் இதே சிக்கல்தான். அலங்காநல்லூரில் மாடு வெளியே வருவது ஒரே வாடிவாசல் வழியாக. அதனால் டிவி சேனல்கள் எதிரே மேடை போட்டு நேரலை செய்ய முடிகிறது. தை மாதம் 3-ம் நாள் சிராவயலில் நடக்கும் மஞ்சுவிரட்டில் தொழுவிலிருந்து வரும் மாடுகளோடு, கட்டுமாடுகளும் பொட்டலில் ஆங்காங்கே அவிழ்த்துவிடப்படும். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்புவது?

அப்போ எப்படி எடுக்கிறார்கள்?

வழக்கமான முறை இதுதான்: வண்டிகளுக்கு முன்னால் ஒரு பைக் அல்லது சரக்கு வாகனம் போகும். அதில் பின்பக்கம் பார்த்தபடி ஒருவர் கேமராவோடு உட்கார்ந்திருப்பார். முன்னணி ஜோடிகள் நன்றாகத் தெரியும். ஆனால், நாலாவது இடத்திலிருந்து இரண்டாவது இடத்துக்கு வந்த வண்டி புழுதிக்குள் மறைந்துவிடும்.

லைவ் என்றால் இன்னொரு தலைவலி. நாம் வீடியோ பார்க்கப் பயன்படுத்துவது டவுன்லோட்; லைவ் அனுப்பத் தேவை அப்லோட். முழு எச்.டி. தரத்துக்கு நொடிக்குச் சில மெகாபிட் விடாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்து இழுக்கும் திருவிழா நாளில், ஓடும் பைக்கில் இருந்து அது கிடைப்பது அதிர்ஷ்டம்தான். கடைசி அரை மைலில் படம் உறைந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு இதைச் சமாளித்த கதை

டிஸ்க் கோல்ஃப் என்று ஒரு விளையாட்டு. பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. காடு, மேடு, புல்வெளி என விரிந்த மைதானத்தில் பொதுவாக 18 கூடைகள். இதற்கான தொழில்முறைச் சங்கமான பி.டி.ஜி.ஏ. தொடங்கியது 1976-ல். வீரர்கள் சின்னச் சின்னக் குழுக்களாக மைதானம் முழுக்கச் சிதறி ஆடுவார்கள். நேரில் போனாலும் ஒரு குழுவின் பின்னால்தான் நடக்க முடியும். பெரிய டிவி சேனல்களும் நீண்ட காலம் கண்டுகொள்ளவில்லை.

ரசிகர்களே கேமராவைத் தூக்கினார்கள். ஜோமெஸ்புரோ என்ற யூடியூப் சேனல் லைவை நம்பாமல் வேறு வழியைப் பிடித்தது. முன்னணிக் குழுவை மட்டும் தொடர்ந்து படமெடுப்பது. எறியும் இடத்தில் ஒரு கோணம், கூடை அருகே ஒரு கோணம். நடக்கும் நேரத்தை வெட்டி, புள்ளிகளைத் திரையில் போட்டு, அடுத்த நாள் வெளியிடுவது. வர்ணனை செய்தவர்களும் ஆட்டக்காரர்களே: ஜெரமி கோலிங், நேட் செக்ஸ்டன். செக்ஸ்டன் 2017-ல் அமெரிக்க டிஸ்க் கோல்ஃப் சாம்பியன்ஷிப் வென்றவர். "ஏன் இந்தத் தட்டை எடுத்தான்?" என்பதை ஆடத் தெரிந்தவர் சொல்லும்போது, புதிதாகப் பார்ப்பவருக்கும் ஆட்டம் பிடிபடும்.

2021 உலக சாம்பியன்ஷிப் கடைசி நாள், யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரம். கடைசிக் கூடை. ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிந்த தட்டு நேராகக் கூடைக்குள் விழுந்து, பால் மெக்பெத்தோடு சமநிலைக்கு வந்தது. பிறகு பிளே-ஆஃபில் கான்ராட் சாம்பியன் ஆனார். அந்த எறி கேமராவில் பதிவானதால்தான், டிஸ்க் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் அதைப் பார்த்து வியந்தார்கள்.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. லைவ் வேண்டாம் என்றில்லை. லைவில் ஓடியதை அப்படியே விட்டுவிடாமல், பல இடங்களில் எடுத்த காட்சிகளைச் சேர்த்து, ஓய்வுபெற்ற ஒரு சாரதியை வர்ணனைக்கு உட்கார வைத்து மறுநாள் வெளியிட்டால் எப்படி இருக்கும்? எங்கே மாட்டை மூச்சு வாங்க விட்டார், எங்கே ஏவினார் என்று அவரால்தான் சொல்ல முடியும்.

"எங்க மாடுதான் ஜெயிச்சது!"

கமென்ட் பகுதியில் அதிகம் நடக்கும் சண்டை இது. சின்ன விஷயமும் இல்லை. பரிசு, ஊர்ப் பெருமை, மாட்டின் விலை எல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்குச் சுமார் 8.3 மீட்டர். போன் வழக்கமாக நொடிக்கு 30 படம் எடுக்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வண்டி 28 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். அரையடி வித்தியாசத்தில் ஜெயித்திருந்தால், அந்தக் கணமே பதிவாகாமல் போகலாம். ஸ்லோமோஷனில் நொடிக்கு 120 படம் வைத்தால் இடைவெளி 7 சென்டிமீட்டராகக் குறையும்.

அதைவிட முக்கியம் கோணம். எல்லைக்கோட்டுக்குச் சாய்வாக நின்று எடுத்தால், பின்தங்கிய வண்டிகூட முன்னால் இருப்பதுபோலத் தெரியும். கோட்டுக்கு நேராக, அசையாத ஸ்டாண்டில் ஒரு கேமரா இருந்தால் பாதிச் சண்டை குறையும். முன்னால் ஓடும் பைக்கில் இருந்து எடுத்ததை வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது.

கேமரா சாட்சியும்கூட

2014 மே 7-ல் ஜல்லிக்கட்டுக்கும் மாட்டுவண்டிப் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்த வழக்கில் விலங்குகள் நல வாரியம் வைத்த ஆதாரங்களில் கள அறிக்கைகளோடு புகைப்படங்களும் இருந்தன. 2017-ல் மெரினா போராட்டம், தமிழ்நாடு அரசின் சட்டத் திருத்தம். 2023 மே 18-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்றது. திருத்தமும் விதிமுறைகளும் காளைகளின் வேதனையைக் குறைக்கின்றன என்பது அதற்குச் சொல்லப்பட்ட முக்கியக் காரணம்.

அதாவது, விதி கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதில்தான் இந்த விளையாட்டின் எதிர்காலம் இருக்கிறது. வாலைக் கடிப்பதும் முறுக்குவதும் அன்று நீதிமன்றத்தில் பேசப்பட்ட கொடுமைகள். ஆணி வைத்த தார்க்குச்சியை 1965-ம் ஆண்டு விதிகளே தடை செய்கின்றன. அப்படி ஒரு காட்சி வீடியோவில் இருந்தால், "எடிட்ல தூக்கிடு" என்பது தீர்வே இல்லை. அந்த வண்டியைத் தகுதி நீக்கம் செய்ய விழாக் குழுவுக்கு அதுதான் ஆதாரம். ஒழுங்காக ஓட்டும் சாரதிக்கும் அதே வீடியோதான் பாதுகாப்பு.

எடுப்பவர்கள் கவனத்துக்கு

- வண்டிகளோடு பைக்கில் போட்டி போட்டு ஓட்டாதீர்கள். ஹாரன் சத்தத்தில் ஒரு மாடு மிரண்டால் ரோட்டோரம் நிற்பவர்கள் மீதுதான் பாயும். விழாக் குழு அனுமதித்த ஒன்றிரண்டு கேமரா வாகனம் போதும்.
- போனில் யூடியூப் லைவ் போக குறைந்தது 50 சப்ஸ்கிரைபர் வேண்டும். முதல்முறை என்றால் லைவ் வசதி இயங்க 24 மணி நேரம்வரை ஆகலாம். திருவிழா அன்று காலை ஆரம்பிக்காதீர்கள்.
- 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனை வணிக நோக்கில் பறக்கவிட, 2021 ட்ரோன் விதிகளின்படி ரிமோட் பைலட் சான்றிதழ் அவசியம். சான்றிதழ் இருந்தாலும் மாட்டின் தலைக்கு மேல் தாழப் பறக்கவிட வேண்டாம்.
- சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் காப்புரிமைக் கோரிக்கை வரும்; விளம்பர வருமானம் பாட்டுக்காரருக்குப் போய்விடும். சலங்கைச் சத்தமும் சாரதியின் குரலுமே போதும், நன்றாகவும் இருக்கும்.
- எந்த ஊர், எந்தத் தேதி, எந்தப் பிரிவு, யார் வண்டி என்பதை வீடியோவின் கீழே எழுதுங்கள். பத்து வருஷம் கழித்து அந்த மாட்டின் கன்றை வாங்க வருபவர் தேடுவது அதைத்தான்.

அடுத்த முறை உங்கள் ஊர்ப் பந்தய வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தால், யார் ஜெயித்தார் என்பதோடு கேமரா எங்கே நின்றது என்பதையும் பாருங்கள். கமென்டில் சண்டை போடுவதற்கு முன் அந்த ஒரு கேள்வியைக் கேட்டால், பல சண்டைகளுக்கு அவசியமே இருக்காது.