மோட்டார் வண்டியின் அடையாள எண்

ஒரே வடிவமும் ஒரே நிறமும் கொண்ட மோட்டார் வண்டிகள் பல சாலையில் ஓடுதல் உண்டு. இரட்டைப் பிள்ளைகள்போலத் தோன்றும் அவற்றை வேறுபடுத்தி அறிவது எங்ஙனம்? பதிவெண் பலகையைக் கொண்டு அறியலாம் எனின், அப்பலகையைக் கழற்றி வேறொன்றை மாட்டுதல் எளிதன்றோ? ஆதலின், வண்டி செய்யப்படும்பொழுதே அதன் உடலில் ஓர் எண் பொறிக்கப்படுகின்றது. அதுவே அடையாள எண். இந்தியாவில் அதனைச் சேசிஸ் எண் என வழங்குவர். பதிவுச் சான்றிதழிலும் அது குறிக்கப்பட்டிருக்கும்.

முற்காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பம்போல் எண்ணிட்டு வந்தது. 1981ஆம் ஆண்டு வண்டிகள் முதல், 17 குறிகள் கொண்ட ஒரே முறையை அமெரிக்க அரசு கட்டாயமாக்கியது. இக்குறிகளுள் இலக்கங்களும் ஆங்கில எழுத்துகளும் உண்டு. ஐ, ஓ, கியூ என்னும் எழுத்துகள் மட்டும் இடம்பெறா. 1, 0 என்னும் இலக்கங்களோடு அவை மயங்கும் என்பதே காரணம்.

முதல் மூன்று குறிகள் வண்டியைச் செய்த நிறுவனத்தையும் நாட்டையும் உணர்த்தும். ஜே எனத் தொடங்கின் ஜப்பான். டபிள்யூ எனத் தொடங்கின் ஜெர்மனி. அடுத்து வருவன வண்டியின் வகை, எஞ்சின் முதலியவற்றைக் கூறும். அமெரிக்க முறையில் பத்தாம் குறி ஆண்டையும், பதினொன்றாம் குறி தொழிற்சாலையையும், இறுதிக் குறிகள் வரிசை எண்ணையும் காட்டும்.

அம்முறையில் ஒன்பதாம் குறி காவலன் போன்றது. ஏனைய குறிகளின் மதிப்பை அவ்வவ்விடத்திற்கு உரிய எண்ணால் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுக்க வரும் மீதியே அக்குறி. மீதி 10 ஆயின் எக்ஸ் என எழுதுவர். எவரேனும் ஒரு குறியைத் திருத்தினால் பெரும்பாலும் கணக்குப் பொருந்தாது, பொய் வெளிப்படும்.

1993ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள், நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் நிலவறையில் நிறுத்தப்பட்ட வண்டியொன்றில் குண்டு வெடித்தது. அறுவர் மாண்டனர். வண்டி சிதறிப்போயிற்று. எனினும், இடிபாடுகளிடையே கிடைத்த ஒரு துண்டில் அடையாள எண் இருந்தது. அவ்வெண், வண்டியை வாடகைக்கு விட்ட இடத்தைக் காட்டிக் கொடுத்தது. வண்டி களவுபோயிற்று எனக் கூறி, முன்பணத்தைத் திரும்பப் பெற வந்தவன் பிடிபட்டான்.

பழைய வண்டியை வாங்குவோர், வண்டியில் உள்ள எண்ணும் சான்றிதழில் உள்ள எண்ணும் ஒத்திருத்தலைப் பணம் கொடுக்குமுன் காணுதல் வேண்டும். எண் சுரண்டப்பட்டிருப்பின், அவ்வண்டி களவுப் பொருளாதல் கூடும். பளபளக்கும் வண்ணத்தினும் அந்தச் சிறிய எண்ணே வண்டியின் வரலாற்றை உள்ளவாறு உரைப்பதாகும்.