குக்ரியா, போவி கத்தியா? வாங்கும் முன் மணிக்கட்டைக் கேளுங்கள்

‘இருபது ஆடுகள் வைத்திருக்கிறேன். தினமும் கிளைரிசிடியா, சூபாபுல் கிளைகளை வெட்டித்தான் தீவனம். மிஞ்சும் கட்டைகள் அடுப்புக்கு. ஒரு மணி நேரம் வெட்டினாலே வலது மணிக்கட்டு மரத்துப்போகிறது. இரவிலும் வலி. அரிவாளை விட்டுவிட்டுக் கூர்க்கா கத்தி வாங்கச் சொல்கிறான் மகன். விசாரித்தால், போவி என்ற அமெரிக்கக் கத்தியையும் காட்டுகிறார்கள். இரண்டுமே விலை அதிகம். மரம் வெட்ட எது நல்லது?’

வாசகர் ஒருவரின் கேள்வி இது. செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு இதே கேள்வியைப் பல இளைஞர்களும் கேட்கிறார்கள். சுருக்கமான பதில்: மரம் வெட்ட இந்த இரண்டில் குக்ரிதான் மேல். ஆனால், உங்கள் மணிக்கட்டு வலிக்குக் குக்ரிதான் மருந்தா என்பது வேறு கேள்வி. இரண்டையும் பார்ப்போம்.

எந்த வேலைக்குப் பிறந்த கத்தி?

கூர்க்கா கத்தி என்று நாம் சொல்லும் குக்ரி, நேபாளத்து மலைக்கிராமங்களில் வீட்டுக்கு வீடு இருக்கும் கருவி. விறகு வெட்ட, தீவனக் கிளை கழிக்க, மூங்கில் பிளக்க, தசைன் பண்டிகைக்கு ஆடு வெட்ட என்று எல்லாவற்றுக்கும் அதுதான். 1814 முதல் 1816 வரை ஆங்கிலேயருக்கும் கூர்க்காக்களுக்கும் நடந்த போருக்குப் பிறகுதான் அது போர்க்கருவியாக உலகப் புகழ் பெற்றது.

போவியின் கதை தலைகீழ். 1827 செப்டம்பர் 19 அன்று, அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்று மணல்திட்டு ஒன்றில் நடந்த கைகலப்பில், பலத்த காயமடைந்த நிலையிலும் ஜேம்ஸ் போவி என்பவர் பெரிய கத்தி ஒன்றால் எதிராளியைக் கொன்றார். பத்திரிகைகள் அதை ஊரெல்லாம் பரப்பின. ‘போவி கத்தி’ வேண்டும் என்று ஆட்கள் கேட்க, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்துப் பட்டறைகளும் அதைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பின. நேரான நீண்ட அலகு, முனைக்கு அருகே முதுகில் சரித்து வெட்டிய கூர்முனை, கைக்கும் அலகுக்கும் நடுவே குறுக்குக் காப்பு. இவைதான் அதன் அடையாளம். சண்டைக்கும் வேட்டைக்கும் ஏற்ற கத்தி. காட்டில் முகாம் போடுபவர்கள் விறகு வெட்டவும் பயன்படுத்தத் தொடங்கியது பிறகு வந்த பழக்கம்.

எடை எங்கே நிற்கிறது?

கத்தியின் முதுகு உங்கள் பக்கம் இருக்க, அதைப் பக்கவாட்டில் ஒரு விரல் மேல் வைத்துத் தராசு போல நிறுத்திப் பாருங்கள். போவி வகைக் கத்தி பெரும்பாலும் குறுக்குக் காப்பை ஒட்டியே சமநிலைக்கு வரும். குத்தவும் திருப்பவும் வேகம் வேண்டும் என்பதால், எடை கைக்குப் பக்கத்தில் இருக்கும்படி செய்கிறார்கள். குக்ரியோ, பிடியிலிருந்து சில விரல்கடை தள்ளி, அலகின் மேலேதான் நிற்கும். அதன் வயிற்றுப்பகுதி அகலம், முதுகு கனம். வேலைக்கான குக்ரியின் முதுகு பிடிக்கு அருகே 8 முதல் 10 மில்லிமீட்டர் வரைகூட இருக்கும். போவி சாதாரணமாக 5, 6 மில்லிமீட்டர்தான்.

எடை முன்னால் இருந்தால், ஓங்கியபின் கத்தியே விழுந்து வெட்டும். கை அதை வழிநடத்தினால் போதும். எடை கைக்குள் இருந்தால், ஒவ்வொரு வெட்டுக்கும் பலத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் வளைவு. குக்ரியின் அலகு நடுவில் முன்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், மணிக்கட்டை மடக்காமலே வாய் கட்டையில் சரிவாகப் படும். நேரான கத்தியில், அடியின் கடைசி நொடியில் மணிக்கட்டைக் கீழே ஒடிக்க வேண்டியிருக்கிறது. நூறு தடவை ஒடித்தால் வலிக்காமல் என்ன செய்யும்?

மூன்றாவது, அலகின் குறுக்குவெட்டு. குக்ரியின் வாய்ப்பகுதி இருபுறமும் லேசாகப் புடைத்திருக்கும். அது கட்டைக்குள் இறங்கியதும் சிராயைத் தள்ளிவிட்டு வெளியே வரும். தட்டையாகத் தீட்டிய போவி, பச்சைக் கட்டையில் ஆழமாக இறங்கும்; ஆனால் அங்கேயே கவ்விக்கொள்ளும். அதை ஆட்டி ஆட்டிப் பிடுங்குவதில்தான் கை நோகிறது.

போவி ஜெயிக்கும் இடம்

போவி வீண் என்று சொல்லவில்லை. கட்டையின் தலையில் கத்தியை வைத்து, முதுகில் மரக்கொட்டாப்புளியால் தட்டிச் சிறு விறகாகப் பிளக்க நேரான முதுகுதான் வசதி. முளைக்குச்சி சீவ, தோல் உரிக்க, கயிறு அறுக்க, கூர்முனை தேவைப்படும் வேலைக்கெல்லாம் போவி நன்றாகவே உழைக்கும். விரல் கனத்துக்கும் குறைந்த பச்சைக் கிளைகளுக்குக் கனமான குக்ரியை நாள் முழுக்கத் தூக்குவது வீண் சிரமம். முள்வேலி கழிக்க இரண்டுமே சரிப்படாது. கை முள்ளுக்கு மிக அருகே போய்விடும். அங்கே நீளக் காம்பு போட்ட அரிவாள்தான்.

கட்டை உங்கள் மணிக்கட்டின் கனத்தைத் தாண்டினால் கத்தியையே மறந்துவிடுங்கள். அது கோடாரிக்கும் ரம்பத்துக்கும் உரிய வேலை. பழமரக் கிளையைக் கழிக்கவும் ரம்பம்தான். முதலில் அடியில் கொஞ்சம் அறுத்துவிட்டு, பிறகு மேலிருந்து அறுங்கள். இல்லாவிட்டால் கிளை விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும்.

உங்கள் அரிவாளை முதலில் சோதியுங்கள்

இப்போது வாசகரின் மணிக்கட்டுக்கு வருவோம். நம் வெட்டரிவாளும் குக்ரியைப் போலவே எடையை முன்னால் வைத்து, முனையை வளைத்துச் செய்த கருவிதான். நேபாளத்துக் காமி கொல்லர்களும் நம் ஊர்க் கொல்லர்களும் பெரும்பாலும் பழைய லாரி ஸ்பிரிங் பட்டையைத்தான் காய்ச்சி அடிக்கிறார்கள். ஆகவே புதுக் கத்திக்குப் பணம் கொடுக்கும் முன், கையில் இருப்பதை மூன்று விதமாகச் சோதியுங்கள்.

1. அதிராத இடம்: அரிவாளின் பிடியைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, முதுகில் ஒரு குச்சியால் நுனியிலிருந்து அடிவரை தட்டிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் மட்டும் கையில் அதிர்வே தெரியாது. அந்த இடத்தால்தான் வெட்ட வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் படும் ஒவ்வொரு வெட்டும் மணிக்கட்டில் இறங்கும். நல்ல குக்ரியில் அந்த இடம் வயிற்றுப்பகுதியிலோ அதை ஒட்டியோ இருக்கும்.

2. பிடி: இறுகப் பிடித்தால் விரல்நுனிகள் உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டை லேசாகத் தொட வேண்டும். பிடி மெலிதாக இருந்தால் இறுக்கிப் பிடிக்க வேண்டிவரும்; அதுவே பாதி வலிக்குக் காரணம். பிடியின் கடைசி கொஞ்சம் பருத்திருந்தால் கை நழுவாது. குக்ரியின் பிடி அப்படித்தான் இருக்கும்.

3. வாய்: வாயில் அரத்தை லேசாக ஓட்டுங்கள். அரம் வழுக்கினால் இரும்பு கடினம். சுலபமாகக் கடித்தால் மெத்து, அடிக்கடி மழுங்கும். நேபாளக் கொல்லர்கள் கெண்டியிலிருந்து வாய்ப்பகுதிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பார்கள். வாய் கடினமாகவும், முதுகு ஒடியாத மென்மையோடும் இருக்கும். உங்கள் கொல்லரிடமும் வாய்க்குத் தனியாகப் பதம் வைக்கச் சொல்லலாம்.

மழுங்கிய அரிவாளால் வெட்டிவிட்டு, கருவி சரியில்லை என்று சொல்பவர்களே அதிகம். சாணை பிடித்து, பிடி மாற்றி, இரண்டு வாரம் வெட்டிப் பாருங்கள். அப்புறமும் இரவில் விரல்கள் மரத்துப்போனால் மருத்துவரைப் பாருங்கள். மணிக்கட்டு நரம்பு அழுத்தப்படுவதாலும் அப்படி வரும். எந்தக் கத்தியும் அதைச் சரிசெய்யாது.

வெட்டும் முறை

குறுக்கே நேராக வெட்டாதீர்கள். ஒருமுறை வலச்சரிவு, ஒருமுறை இடச்சரிவு என்று ‘வி’ வடிவில் வெட்டினால் சிராய் தானாகத் தெறிக்கும். கட்டையின் கனம் எவ்வளவோ, அவ்வளவு அகலத்தில் வாய் திறந்து தொடங்குங்கள். குக்ரி, போவி இரண்டும் குட்டைக் கருவிகள். நின்றுகொண்டு வெட்டினால், தவறிய வீச்சு முழங்காலுக்குக் கீழே வந்து சேரும். மண்டியிட்டு, அடிக்கட்டையின் மறுபக்க விளிம்பில் விறகை வைத்து வெட்டினால், தவறினாலும் கத்தி தரையில்தான் படும். குக்ரியை உறையிலிருந்து உருவும்போது, விரல்கள் உறையின் வாய்ப்பக்கத்தைச் சுற்றியிருக்கக் கூடாது. தோலைக் கிழித்துக்கொண்டு கையை வெட்டிவிடும்.

வாங்கியே தீருவேன் என்றால்...

குக்ரியில் இரும்பு பிடியின் கடைசி வரை போய், ஆணி அடித்து இறுக்கியிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய வாலைப் பிடிக்குள் செருகி, அரக்கு போன்ற பசையால் ஒட்டியவையும் உண்டு. வெயிலில் போட்டால் அந்தப் பசை இளகி, பிடி ஆடும். ஆடும் பிடியோடு ஒரு வெட்டுக்கூடப் போடாதீர்கள். எருமைக்கொம்புப் பிடிக்கு அவ்வப்போது எண்ணெய் தடவினால் வெடிக்காது. உறையில் கூடவே வரும் இரண்டு சிறு கத்திகளில் ‘கர்தா’ சில்லறை வேலைக்கு. மழுங்கலாக இருக்கும் ‘சக்மக்’, வாயைத் தேய்த்துச் சரிசெய்ய.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆயுத விதிகளின் பட்டியலில், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகொண்ட கத்திகள் வருகின்றன. குக்ரியின் பெயரே அதில் இருக்கிறது. வீடு, விவசாயம், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைத்தவைக்கு விலக்கு உண்டு. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில் இவற்றை வைத்திருக்க உரிமம் தேவை. எனவே உங்கள் பகுதி நிலவரத்தைக் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்தில் ஏறாதீர்கள்.

கேள்வி கேட்ட வாசகருக்குக் கடைசியாக ஒன்று. இருபது ஆட்டுக்குத் தீவனம் வெட்டும் கைக்கு, சாணை பிடித்த அரிவாளும் பருத்த பிடியும் போதும். கட்டை வெட்டும் வேலை அதிகமாகி, தனியாக ஒரு குட்டைக் கருவி வேண்டும் என்றால் குக்ரி. போவிக்குச் செலவிடும் பணத்தில் ஒரு நல்ல கைக்கோடாரியும் கிளை அறுக்கும் ரம்பமும் வாங்குங்கள். கைக்கு அதுதான் லாபம்.