பெயரும் வாயிலும்: தமிழ் இணைய முகவரியைச் சொந்தக் கணினியில் இயக்குதல்

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தின் முதன்மைச் சாலைக்கு முன்னர் பிரிக்பீல்ட்ஸ் சாலை என்று பெயர். இன்று அது ஜாலான் துன் சம்பந்தன். பெயர் மாறியபோது சாலை இடம்பெயரவில்லை. பெயர் வேறு, இடம் வேறு; இரண்டையும் இணைப்பது ஓர் உடன்பாடு. இணைய முகவரியின் இயல்பும் இதுவே. கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. பெயர்கள் மனிதருக்காக ஏற்பட்டவை. தொடக்கக் காலத்தில் பெயர்களையும் எண்களையும் இணைக்கும் ஒரே பட்டியல் எல்லாக் கணினிகளிலும் படியெடுத்து வைக்கப்பட்டது. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்த களப்பெயர் முறை அதன் இடத்தைப் பெற்றது. எனினும் அப்பட்டியலின் எச்சம் ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் சிறு கோப்பாக நம் கணினிகளில் இன்றும் உள்ளது. கணினி வெளியுலகை வினவுமுன் பொதுவாக அக்கோப்பையே பார்க்கிறது. ஆகவே ஒருவர் தம் கணினிக்குள் தாம் விரும்பும் பெயரை, தமிழ்ப் பெயரையும், எவர் அனுமதியுமின்றி வைத்துக்கொள்ள இயலும். அதற்கான வழியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கொள்கலன்களும் வாயில் எண்களும்

பள்ளிக்கு இணையத்தளம் அமைக்கும் மாணவர் குழு ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தளம் ஒரு நிரல், நூலகப் பட்டியல் மற்றொரு நிரல். ஒவ்வொன்றையும் அதற்கு வேண்டிய துணைக்கருவிகளோடு ஒரு கொள்கலனில் அடைப்பது இன்றைய வழக்கம். 2013இல் வெளிவந்த டாக்கர் இம்முறையைப் பரவலாக்கியது. கிள்ளானில் உள்ள மாணவரின் கணினியில் இயங்குவது பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஆசிரியரின் கணினியிலும் அவ்வாறே இயங்கும்.

கொள்கலன்கள் ஒரே கணினியில் இயங்குவதால் ஒவ்வொன்றுக்கும் 8080, 8081 என வெவ்வேறு வாயில் எண் தரப்படுகிறது. இதில் இரு இடர்கள் உள்ளன. எண்ணைக் கண்டு எது எந்தத் தளம் என அறிய இயலாது. மேலும், உலாவி தன் குக்கிகளை வாயில் எண்ணால் பிரிப்பதில்லை. பெயரால் மட்டுமே பிரிக்கிறது. இரு நிரல்களும் ஒரே பெயரில் இயங்கினால், ஒன்றில் புகுபதிவு செய்தவர் மற்றொன்றிலிருந்து வெளியேற்றப்படுதலும் நேரும். தனித்தனிப் பெயர் வைத்தால் இவ்விரண்டும் தீரும்.

முன்வாயில்

பல அலுவலகங்கள் உள்ள கடைவீட்டிற்குத் தெருவாயில் ஒன்றே. வாயிற்காவலர் கடிதத்தின் மேலுள்ள பெயரைப் படித்து உரிய மாடிக்கு அனுப்புகிறார். ரிவர்ஸ் பிராக்சி எனப்படும் முன்வாயில் நிரல் செய்வதும் இதுவே. 1997இல் வகுக்கப்பட்ட எச்டிடிபி 1.1 நெறி, ஒவ்வொரு வேண்டுகோளிலும் நாடப்படும் தளத்தின் பெயர் இடம்பெற வேண்டும் என்றது. முன்வாயில் நிரல் அப்பெயரைப் படித்து உரிய கொள்கலனுக்கு வேண்டுகோளை அனுப்புகிறது. எஞ்சின்எக்ஸ், கேடி, டிராஃபிக் ஆகியவை இப்பணிக்கு உரிய நிரல்கள்.

அமைக்கும் முறை நான்கு படிகளில் அடங்கும். முதலாவது, ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒவ்வொரு பெயரையும் 127.0.0.1 என்னும் சொந்தக் கணினியின் எண்ணோடு இணைத்தல். இரண்டாவது, முன்வாயிலையும் பிற கொள்கலன்களையும் ஒரே உள்வலையமைப்பில் சேர்த்தல். மூன்றாவது, முன்வாயிலுக்கு மட்டும் 80, 443 என்னும் பொது வாயில்களைத் திறத்தல். நான்காவது, எப்பெயர் எக்கொள்கலனுக்கு உரியது என எழுதுதல். நான்காம் படியில் பலர் இடறுகின்றனர். கொள்கலனுக்குள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்பது அக்கொள்கலனையே குறிக்கும்; கணினியைக் குறிக்காது. ஆதலால் சேரவேண்டிய கொள்கலனின் பெயரையே அங்கு எழுத வேண்டும்.

பெயரின் இறுதிப் பகுதியைத் தேர்வதிலும் கவனம் தேவை. ‘டெவ்’ என முடியும் பெயர்களைப் பலர் வகுப்பறைப் பயிற்சிக்குப் பயன்படுத்தினர். அது கூகுளுக்கு உரிய உண்மையான களம். 2017 இறுதியில் குரோம் உலாவி அக்களத்தை மறையாக்கிய வழியில் மட்டுமே திறக்கத் தொடங்கியதும், அப்பயிற்சித் தளங்கள் திறக்காமல் போயின. 1999 முதல் சோதனைக்கென ஒதுக்கப்பட்டுள்ள ‘டெஸ்ட்’ என்னும் இறுதிப் பகுதி பாதுகாப்பானது.

தமிழ்ப் பெயர் வைக்கும்போது

களப்பெயர் முறை நடைமுறையில் இலத்தீன் எழுத்து, எண், இணைப்புக்கோடு ஆகியவற்றையே ஏற்கிறது. அதனால் உலாவி தமிழ்ப் பெயரைப் பியூனிகோடு என்னும் குறிமுறைக்கு மாற்றியே அனுப்புகிறது. 2003இல் வரையறுக்கப்பட்ட இம்முறையில், மாற்றப்பட்ட பெயர் ‘எக்ஸ்’, ‘என்’ என்னும் இரண்டு எழுத்துகளோடும் இரண்டு இணைப்புக்கோடுகளோடும் தொடங்கும். ஆகவே ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் முன்வாயில் அமைப்பிலும் இம்மாற்று வடிவத்தையே எழுதுதல் நன்று. தமிழ் வடிவத்தை எழுதினால் வரும் பெயரும் எழுதிய பெயரும் பொருந்தாமல் போகக்கூடும்.

எழுத்துப்பிழையும் இங்கு வழியை அடைக்கும். ‘ஔவை’ என்பதன் முதலெழுத்து ஓரெழுத்து. அதனை ‘ஒ’, ‘ள’ என இரண்டாகத் தட்டச்சிட்டால் கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். கணினிக்கோ அது முற்றிலும் வேறு பெயர். பிறர் அவ்வேறு பெயரில் போலித் தளம் அமைக்கவும் இடமுண்டு. எழுத்திலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

சோதனையின் பயன்

பன்னாட்டுக் களப்பெயர் அமைப்பான ஐகான் 2007இல் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் சோதனைக் களங்களைத் திறந்தது. தமிழுக்கு அமைந்த முகவரி ‘உதாரணம்.பரிட்சை’. அச்சோதனைக் களங்கள் 2013இல் நீக்கப்பட்டன. அதற்கு முன்பே இலங்கை, இந்தியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் தம் பெயரைத் தமிழில் மேல்நிலைக் களமாகப் பெற்றுவிட்டன. மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் அத்தகைய களம் உண்டு, தமிழில் இல்லை.

களம் கிடைப்பது மட்டும் போதாது. தமிழ் முகவரியைப் பிழையென மறுக்கும் படிவங்களும் நிரல்களும் இன்னும் உள்ளன. அவற்றை எழுதியோர் தமிழ்ப் பெயரை ஒருமுறையேனும் இட்டுச் சோதிக்காமையே அதற்குப் பெரும்பாலும் காரணம். இன்று வகுப்பறையில் தம் தளத்திற்குத் தமிழ்ப் பெயரிட்டு, அது எங்கெங்கே தடைப்படுகிறது எனக் கண்டறியும் மாணவர் நாளை எழுதும் நிரலில் அக்குறை இராது. அதற்கு வேண்டியவை ஒரு கணினியும், இலவசமாகக் கிடைக்கும் சில நிரல்களும், பிழையின்றி எழுதப்பட்ட ஒரு தமிழ்ப் பெயருமே.